நட்டின் மேல் மஞ்சள் கோடு

அத்தியாயம் ஒன்பது

"இன்னும் கொஞ்சம் உள்ளே போ, வாயாடி," என்றார் பாஸ்.

"இதுக்கு மேல போனா அந்தப் பக்கமா வெளியே வந்துடுவேன் சார்."

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால், பிடித்து வைத்த வண்டிகளைத் துருப்பிடிக்க விடுகிற மைதானம் அது. உச்சி வெயில். நான் மல்லாந்து கிடந்தேன். மூக்குக்கு நேர் மேலே ஒரு ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பின் அடிவயிறு. கூரை நசுங்கி, கண்ணாடி போய், ஒரு பக்கம் கதவே இல்லை. ஆனாலும் நாலு சக்கரத்தில்தான் நின்றது. மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் உருண்டு, ஓடைச் சேற்றில் விழுந்த வண்டி. ஓட்டியவன் பிழைக்கவில்லை.

துப்பறியும் தொழிலில் சேர்ந்தால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காபி குடிக்கலாம் என்றுதான் வந்தேன். எங்கள் ஆபீசில் கண்ணாடியும் காபியும் பாஸுக்கு, புழுதி எனக்கு. கேட்டால் முதுகு வலி என்பார். குனிய வேண்டிய நாட்களில் மட்டும் வருகிற வலி. அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை ஆமை என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்கிற தைரியம் எனக்கு மட்டும்தான் உண்டு, அதுவும் சம்பளம் வாங்கிய பிறகு.

கேஸ் இதுதான். செத்துப்போனவர் ஒரு பஸ் கண்டக்டர். அவருடைய மனைவி நர்சரி டீச்சர், எங்கள் கட்சிக்காரர். ஜீப் கண்டக்டருடையது இல்லை. அவருடைய அண்ணன், ஒரு மருந்துக்கடைக்காரர், ஆசை ஆசையாக வைத்திருந்த வண்டி. அண்ணன் தன் கையாலேயே உயரமான ஸ்பிரிங் மாட்டினார், அதற்குத் தோதான நீள பிரேக் ஹோஸை, அதாவது பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாயை, மாட்ட மறந்தார், தம்பி செத்தான் என்பது போலீஸ் கட்சி. நாளைக் காலையில் கோர்ட். ஆமாம், தப்பு என்மேல்தான் என்று அண்ணனே சொல்லப் போகிறாராம். சொன்னால் ஜெயில். கடைசி நேரத்தில் எந்த வக்கீலாவது அவர் மனதைக் கலைத்துவிட்டால் என்ன செய்வது என்று டீச்சருக்குப் பயம். "அந்த ஆள் தப்பிக்கவே கூடாது சார். இறுக்கமா ஒரு ஆதாரம் வேணும்," என்று எங்களைப் பிடித்துக்கொண்டார்.

இந்த மாதிரி வண்டி வைத்திருக்கிற ஆண்களைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனி கொடுத்த மாதிரி வண்டியை வைத்துக்கொண்டால் இவர்களுக்குச் சோறு இறங்காது. ஸ்பிரிங்கை உயரமாக்குவார்கள். டயரைப் பெருசாக்குவார்கள். தண்ணீரில் இறங்க மூக்குக்குழாய், சேற்றில் சிக்கினால் இழுக்க முன்னால் ஒரு வின்ச். அப்புறம் வருஷா வருஷம் ஃபிட்னஸ் டெஸ்ட் வரும். இத்தனையும் வைத்துக்கொண்டு போனால் சோதிக்கிறவர் விரட்டிவிடுவார். அதனால் எல்லாவற்றையும் கழற்றிப் பழையதை மாட்டி, அடியெல்லாம் கழுவித் துடைத்து, இன்ஸ்பெக்ஷன் நாளில் மட்டும் தலைவாரிக்கொண்டு வருகிற வால் பையன் மாதிரி கொண்டுபோய் நிறுத்துவார்கள். டெஸ்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மறுபடி எல்லாம் ஏறிவிடும். இதற்கு இவர்கள் வைத்திருக்கும் பேர், பராமரிப்பு.

"என்ன தெரியுது?" என்றார் பாஸ்.

"சேறு. காஞ்சு ஓடு மாதிரி ஒட்டியிருக்கு. அறுந்த பிரேக் ஹோஸ் தொங்குது. குட்டை ஹோஸ்தான். போலீஸ் சொன்னதெல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் வெளியே வரலாமா?"

"நட்டைப் பாரு."

பார்த்தேன். ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த ஒவ்வொரு நட்டிலும் ஒரு மஞ்சள் கோடு. நட்டிலிருந்து போல்ட் வரைக்கும் ஒரே இழுப்பில் போட்டது. மருந்துக்கடைக்காரரின் பழக்கம் அது. நட்டை முழுக்க இறுக்கியதும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுவார். அப்புறம் நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு கோணலாகித் தெரிந்துவிடும். சட்டைப் பையில் மற்றவர்களுக்கு எழுதுகிற பேனா இருந்தால் அவருக்கு இந்த மஞ்சள் பேனா.

"எல்லாத்துலயும் அவர் கோடு இருக்கு சார். கையெழுத்து போட்ட மாதிரி."

"ஒண்ணைச் சுரண்டு."

"நகத்தாலயா? நேத்துதான் பாலிஷ் போட்டேன்!"

"ஆமா, உன் நகத்தைப் பார்க்கத்தான் ஸ்டேஷனே காத்துக்கிட்டிருக்கு. சுரண்டு."

சுரண்டினேன். மஞ்சள், சில்லாகப் பெயர்ந்து வந்தது. சில்லின் அடியில் சேறு ஒட்டியிருந்தது.

"வந்துடுச்சு சார். சேத்தோட சேர்ந்து வருது."

"மேலே எது, கீழே எது?"

"மேலே பெயின்ட், கீழே சேறு. இதுல என்ன பெரிய..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினேன். "சார்!" என்று எழுந்ததில் நெற்றி ஆக்சிலில் இடித்தது.

"தலை பத்திரம்," என்றார் பாஸ், காபியை உறிஞ்சிக்கொண்டே. "டெஸ்ட்டுக்காக அடியெல்லாம் கழுவின வண்டி. அதுக்கப்புறம் போன முதல் ஓட்டமே மலைக்குத்தான். சேறு ஓடையில விழுந்தப்போ ஒட்டினது. சேத்துக்கு மேல பெயின்ட் இருக்குன்னா?"

"விபத்துக்கு அப்புறம் போட்டிருக்காங்க."

"யாராவது கொலை பண்ணிட்டு வந்து, கத்தியில தன் பேரைப் பொறிப்பானா? தப்பு பண்ணவன் தடயத்தை அழிப்பான். இவர் ஏன் புதுசா வெக்கிறாரு?"

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அந்த நட்டில் மிச்சமிருந்த சேற்றையும் வழித்தேன். இரும்போடு ஒட்டி இன்னொரு கோடு இருந்தது. கறுஞ்சிவப்பு. வழவழவென்று, பளபளப்பாக. அடுத்த நட்டையும் சுரண்டினேன். அங்கேயும் மஞ்சள், சேறு, அதற்கடியில் சிவப்பு.

"சிவப்புப் பெயின்ட்டா?"

"பெயின்ட் இல்ல சார். நெயில் பாலிஷ். சின்ன பிரஷ். ஒரு தடவை தீட்டி, காயவிட்டு, மேல இன்னொரு தடவை. எந்த ஆம்பளை நட்டுக்கு ரெண்டு கோட் அடிப்பான்?"

பாஸ் முதல் முறையாகக் காபியைக் கீழே வைத்தார்.

நிழலில் நின்று எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஏட்டைக் கூப்பிட்டார். "வண்டியை இங்கே இழுத்துட்டு வந்தப்புறம் கிட்ட வந்தது யாரு?"

"யாரும் இல்ல சார். வண்டிக்காரர் மட்டும். அவர் வண்டிதானான்னு பார்த்துச் சொல்லச் சொல்லி நாங்கதான் வரச் சொன்னோம். பாவம், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. ஆபரேஷன் பண்ணித் தையல்கூட ஆறலையாம்."

"என்ன பண்ணாரு?"

"வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டு அழுதாரு சார். பெரிய மனுஷன் அழறதை நின்னு பாக்கறதான்னு நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டோம். அப்புறம் வெளியே வந்து அவரே காட்டினாரு. இதோ பாருங்க, எல்லாம் என் கோடு, நான்தான் மாட்டினேன், என்மேலதான் தப்புன்னாரு. அதுக்கப்புறம்தான் போட்டோவே எடுத்தோம். இப்படி ஒரு நேர்மையான ஆளை நான் பார்த்ததே இல்ல."

"நானும்தான்," என்றார் பாஸ்.

* * *

பாஸுக்கு வண்டி ஓட்ட வராது. அதனால் எங்கள் ஓட்டைக் காரை நான்தான் ஓட்டுவேன். போகிற வழியெல்லாம் என் மூளை தறிகெட்டு ஓடியது.

"சார், இப்படி இருக்குமோ? மருந்துக்கடைக்காரருக்கு யாரோ ஒருத்தி. அவளைக் காப்பாத்தத்தான்..."

"சினிமா பாக்கறதைக் குறை."

"பின்னே, அந்த வீட்டுல நெயில் பாலிஷ் போடுறது யாரு? அவருக்குக் கல்யாணமே ஆகலை. இருக்கிற ஒரே பொம்பளை..."

வாயை மூடிக்கொண்டேன். என் வாய் தானாக மூடுவது அபூர்வம். பாஸ் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம கட்சிக்காரங்க நம்மகிட்ட பாதியைத்தான் சொல்லியிருக்காங்க," என்றார். "வயித்துல தையலோட ஒருத்தர் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, நாலு ஸ்பிரிங்கைக் கழட்டி மாட்டினாராம். ஒரு அரிசி மூட்டையை நகர்த்தினாலே தையல் பிரிஞ்சுடும். போலீஸ் இதைக் கேக்கலை. ஏன் கேக்கலை? ஒருத்தர் தானா வந்து கையை நீட்டினா, விலங்கு மாட்டுறதுதானே சுலபம்?"

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடுதான். தெருவைப் பார்த்து மருந்துக்கடை. அதன் பின்னால் அண்ணனின் அறை. மாடியில் தம்பியும் டீச்சரும். கொல்லையில் தகரம் போட்ட ஷெட். ஷெட்டில் இப்போது வண்டி இல்லை. ஆனால் சுவரில் ஸ்பானர்கள் அளவு வாரியாகத் தொங்கின. பழைய ஸ்பிரிங்குகள் ஒரு மரப்பெட்டியில் கிடந்தன. பெட்டியின்மேல் அழகான கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. மனுஷன் ஷெட்டையும் மருந்துக்கடை மாதிரிதான் வைத்திருந்தார்.

கடையில் கூட்டமில்லை. மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, தாடி வளர்ந்த மனிதர். சட்டைப் பையில் மஞ்சள் பேனா இல்லை.

"என்ன வேணும் சார்?"

"கறுஞ்சிவப்பு நெயில் பாலிஷ் இருக்கா?" என்றார் பாஸ்.

கத்தரி நின்றது. அவர் என் கையைப் பார்த்தார். உடைந்த நகத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கல்லாவை விட்டு வெளியே வந்து ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"அவ அனுப்பின ஆளுங்களா நீங்க?"

"ஆமா. உங்களை ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லித்தான் அனுப்பினாங்க."

"அப்புறம் என்ன சார்? நானே போறேங்கறேனே. உங்களுக்கு வேலை மிச்சம். ஏன் நோண்டுறீங்க?"

"நோண்டினது இவ. நான் காபிதான் குடிச்சேன்," என்றார் பாஸ். அவர் ஜோக் அடித்தால் உள்ளே சங்கடத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். யாரும் சிரிக்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பக்கத்துக் கண்ணாடி அலமாரியைக் காட்டினார். "அந்த பாலிஷ் இங்கேருந்து போனதுதான். புது ரகம் வந்திருக்கும்மா, போட்டுப் பாருன்னு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வண்டிக்கு அடியில அந்த நிறத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. டெஸ்ட் முடிஞ்ச கையோட எனக்கு ஆபரேஷன். வண்டி குட்டை ஸ்பிரிங்லயே நின்னுச்சு. வெயிட் தூக்காதே, வண்டி ஓட்டாதேன்னுட்டார் டாக்டர். நான் ஷெட் வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கிட்டு அதையே பார்த்துக்கிட்டிருப்பேன். தம்பிக்கு அது தாங்கலை. நான் முதல் நாள் கடைக்கு வந்து உட்கார்ந்த அன்னைக்கு, புருஷனும் பொண்டாட்டியுமா லீவு போட்டுட்டு, எனக்குத் தெரியாம மாட்டியிருக்காங்க. நான் அசந்து போகணும்னு. மறுநாள் விடியறப்போ சோதிச்சுப் பார்க்க மலைக்கு எடுத்துட்டுப் போயிட்டான்."

"அவருக்கு ஹோஸ் விஷயம் தெரியாதா? உங்ககூடவே இருந்து வேலை பார்த்தவராச்சே?" என்றார் பாஸ்.

அவர் எழுந்து, மருந்து வைக்கிற கண்ணாடிக் கதவு அலமாரியைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். உள்ளே இரண்டு முனையும் மூடி போட்டுச் சுருட்டி வைத்த நீள ரப்பர் ஹோஸ்கள். ஒரு தூசி இல்லை.

"பிரேக் சாமான் சார். உள்ளே ஒரு துளி மண்ணு போகக்கூடாது. ஸ்பிரிங்கோட சேத்து ஷெட்ல போட எனக்கு மனசு வராது. இங்கேதான் வெப்பேன். மாட்டுறதும் நான் மட்டும்தான் மாட்டுவேன். அவன் கை எப்பவும் கிரீஸ். கழுவுடான்னா வேட்டியில துடைச்சுக்கிட்டு வருவான். அதனால ஸ்பிரிங் வேலை முடிஞ்சதும், போய் டீ வாங்கிட்டு வாடான்னு அனுப்பிடுவேன். அவன் வர்றதுக்குள்ள ஹோஸை மாத்தி முடிச்சுடுவேன். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். இத்தனை வருஷமா என்கூட வேலை செஞ்சான், இப்படி ஒண்ணு இருக்குன்னே அவனுக்குத் தெரியாது. ஸ்பிரிங்கை ஏத்தினா குட்டை ஹோஸ் பத்தாது, பள்ளத்துல சக்கரம் தொங்குறப்போ இழுத்துக்கிட்டு அறுந்துடும்னு ஒரு வார்த்தை சொல்லலை சார் நான். டீ வாங்கத்தான் அனுப்பினேன்."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. டப்பாவை மூடி அதே இடத்தில் வைத்தார்.

"அதனாலதான் நாளைக்குச் சொல்லப்போறது பொய் இல்ல. தப்பு என்னோடதுதான். கோடு மட்டும்தான் நான் அப்புறம் போட்டது."

"எதுக்குப் போட்டீங்க?" என்றேன். என் குரல் எனக்கே எரிச்சலாகக் கேட்டது.

"வண்டியை மீட்ட அன்னைக்கு அவ ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கிட்டிருந்தா. நான்தான் கொன்னுட்டேன், நான்தான் விளக்கு பிடிச்சேன்னு. என்னன்னு யாருக்கும் புரியலை. ஸ்டேஷனுக்குப் போய் அடியில படுத்துப் பார்த்தப்போ எனக்குப் புரிஞ்சுது. பையில பேனா இருந்துச்சு. அன்னைக்குச் சாயந்தரம் போலீஸ் அவகிட்ட போட்டோவைக் காட்டி, எல்லாம் உங்க மச்சாண்டார் வேலைம்மான்னு சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான் சார். அழுகையை நிறுத்திட்டா. என்னைத் திட்ட ஆரம்பிச்சா. மறுநாள் அவனை எடுக்கறப்போ என்னை வாசல்லயே நிறுத்தி, இந்தக் கொலைகாரன் உள்ளே வரக்கூடாதுன்னா. நான் தெருவுலயே நின்னேன். ஆனா அன்னைக்குத்தான் அவ ஒரு வாய் சாப்பிட்டாளாம்."

பாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், உங்க காலை வேணும்னாலும் பிடிக்கறேன். அவகிட்ட சொல்லாதீங்க. அவ என்னை வெறுத்துக்கிட்டே இருந்துட்டுப் போகட்டும். அந்தக் கோபத்துலதான் அவ நிக்கறா. அதைப் பிடுங்கிட்டீங்கன்னா விழுந்துடுவா."

* * *

மாடிப்படியின் கீழே நாங்கள் சண்டை போட்டோம். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான்.

"போயிடலாம் சார். அவங்க கேட்டது ஆதாரம். மஞ்சள் கோடு இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடலாம். அது நிஜம்தானே?"

"பாதி நிஜம்."

"முழுசைச் சொல்லி என்ன கிழிக்கப் போறோம்? செத்தவர் எந்திரிச்சு வருவாரா?"

"வரமாட்டார். ஆனா உயிரோட இருக்கிறவர் ஜெயிலுக்குப் போவார், வாயாடி. தம்பிக்கு ஒரு தடவை, தம்பி பொண்டாட்டிக்கு ஒரு தடவைன்னு ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் சாவார்?"

"அப்போ நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

"உன்னை யார் கேட்டா?" என்று படியேறினார். முதுகு வலி இல்லாமல் ஏறினார்.

டீச்சர் தரையில் உட்கார்ந்து, வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்கு வண்ணக் காகிதத்தில் வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். என்னைவிடச் சின்னவர். நகங்கள் ஒட்ட வெட்டி வெறுமையாக இருந்தன. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"கிடைச்சுதா சார்? அக்கா, நெத்தியில என்ன காயம்?"

"இடிச்சுக்கிட்டேம்மா."

"டீச்சர்," என்றார் பாஸ், நின்றபடியே. "ஸ்பிரிங் மாத்தினப்போ விளக்கு பிடிச்சது நீங்கதானே?"

டீச்சரின் கத்தரி பாதி வாத்தில் நின்றது. ஆனால் முகம் மாறவில்லை. இந்தக் கேள்விக்கு எப்போதோ தயாராகிவிட்டவர் மாதிரி பேசினார்.

"ஆமா. அதை நான் சொல்லலை. ஏன் சொல்லணும்? நாங்க மாட்டினதுல எந்தக் கோளாறும் இல்ல. அவர் ஒவ்வொரு நட்டையும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இறுக்கினார். மாமாவோட மஞ்சள் பேனா எப்பவும் மாமா பையிலயே இருக்கும், அதனால என் நெயில் பாலிஷால நான் கோடு போட்டேன். ரெண்டு தடவை தீட்டினேன். அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? ராத்திரி மாமா ஷெட்டுக்குப் போயிருக்கார். தம்பி செஞ்ச வேலை எதையும் அவர் நம்பமாட்டார். ஒரு ஸ்க்ரூ மாட்டினாக்கூட வந்து திருப்பி இறுக்குவார். எல்லாத்தையும் பிரிச்சு, அவர் இஷ்டத்துக்கு மாட்டி, ஹோஸை விட்டுட்டார். போட்டோல என் சிவப்புக் கோடு ஒண்ணுகூட இல்ல சார். எல்லாம் மஞ்சள். அது போதாதா?"

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. இவர் யாரையும் ஏமாற்றவில்லை. அந்த மஞ்சள் கோட்டை அப்படியே நம்பியிருக்கிறார். தண்ணீரில் முழுகுகிறவர் கையில் அகப்பட்ட கட்டை அது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் மூச்சு விட்டிருக்கிறார். நாங்கள் அதைப் பறிக்க வந்திருக்கிறோம். இந்தப் பிழைப்புக்கு நான் பூ கட்டி விற்கப் போயிருக்கலாம்.

"வயித்துல தையலோடவா டீச்சர்?" என்றார் பாஸ். "எல்லாத்தையும் பிரிச்சு மாட்டினாருங்கறீங்களே?"

"அவர்... மெதுவா..."

"உங்க சிவப்புக் கோடு அங்கேயேதான் இருக்கு. ஒண்ணுகூடக் கலையலை. அது மேல ஓடைச் சேறு. சேத்துக்கு மேலதான் மஞ்சள்."

 டீச்சர் கையிலிருந்த வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளைகளுக்கு எது மேலே எது கீழே என்று தினமும் சொல்லிக் கொடுக்கிறவர்தான். புரிந்துகொள்ள அவருக்கு நேரமாகவில்லை. ஆனால் எழுந்திருக்க நேரமானது. நான் கையைக் கொடுத்தேன், அதைத் தட்டிவிட்டார்.

"அப்போ அந்த ஹோஸ்..."

"உங்க வீட்டுக்காரருக்கு அது தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சவர் சொல்லலை. சொல்லக்கூடாதுன்னு இல்லை, சொல்லத் தோணலை. இதுல திட்டறதுக்கு ஆள் யாரும் இல்லைம்மா," என்றார் பாஸ். 'ம்மா' என்று அவர் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

டீச்சர் செருப்புகூடப் போடாமல் படியிறங்கினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

மருந்துக்கடைக்காரர் பாதி இறக்கிய ஷட்டருக்கு உள்ளே அப்படியே ஸ்டூலில் இருந்தார். டீச்சர் குனிந்து உள்ளே போனதும் பதறி எழுந்தார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, உடலை எடுத்த நாளுக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் நிற்பது அதுதான் முதல் தடவை.

"ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?"

அவர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நீ விளக்குதானேம்மா பிடிச்சே? உனக்கென்ன தெரியும்? என்னைத் திட்டினா உனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கேன்னு..."

"ஆறுதலா? ஊரெல்லாம் உங்களைக் கொலைகாரன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. ஸ்கூல்ல சொன்னேன், கடையில சொன்னேன். இவங்களைக் கூட்டிட்டு வந்து உங்களை உள்ளே தள்ளப் பார்த்தேனே. அவ்வளவையும் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களா? உங்களுக்கு என்ன, தியாகின்னு நெனப்பா?" டீச்சரின் குரல் உடைந்தது. உடைந்தும் நிற்கவில்லை. "நாளைக்கு நான் வந்து சொல்றேன். நாங்க ரெண்டு பேரும்தான் மாட்டினோம்னு."

"வேணாம்மா. உன்னைக் கேள்வி கேட்டுக் குடைவாங்க."

"குடையட்டும். உங்களுக்காகச் சொல்லலை. அன்னைக்குப் பூரா அவர் சிரிச்சுக்கிட்டே இருந்தார் தெரியுமா? மூஞ்சியெல்லாம் கிரீஸ். அண்ணன் மூஞ்சியை நாளைக்குப் பாருடின்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். அவர்கூட நான் இருந்த கடைசி நாள் அது. அது எங்க வேலை மாமா. தப்போ சரியோ, எங்களோடது. நீங்க பாட்டுக்கு வந்து அது மேல பெயின்ட் அடிச்சு உங்களோடதுன்னுட்டீங்க. அதைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

மருந்துக்கடைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். கடைக்குள் ஃபேன் சுற்றுகிற சத்தம். வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி இருமல் மருந்து கேட்டார்கள். பாஸ் போய், கடை மூடியாச்சு என்று சொல்லி அனுப்பினார்.

"நான் உங்களை வாசல்லயே நிறுத்திட்டேன்," என்றார் டீச்சர். "உங்க தம்பி முகத்தைப் பாக்கக்கூட விடலை."

"பரவாயில்லம்மா."

"எப்படி மாமா பரவாயில்லை? அதை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?"

அவர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொம்ப நாளாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டார்.

"முகம் எப்படிம்மா இருந்துச்சு?"

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் போஸ்ட்மார்ட்டம் போட்டோ பார்த்தவர்கள். 

"நிஜத்தைச் சொல்லவா மாமா? பொய்யைச் சொல்லவா?"

ஏட்டே நேர்மையான ஆள் என்று மெச்சிய அந்த மனிதர் ரொம்ப நேரம் யோசித்தார்.

"பொய்யையே சொல்லிடும்மா."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"சிரிச்ச முகமா இருந்தார் மாமா," என்றார்.